முள்ளுக்காரிகள்

இல்லை.

மங்கை நுண்ணோக்கியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

ஒன்றுகூட இல்லை.

நேற்றைய மண்ணில் அவ்வளவு பேர் இருந்தார்கள். கடலடி மண்ணைக் கழுவிச் சலித்தால் மிஞ்சும் ஓடுகள். மணலைப் போலச் சிறியவை. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடலில் உயிரோடு மிதந்தது. அவற்றில் ஒரு வகைக்கு மட்டும் ஓட்டைச் சுற்றி நீண்ட முட்கள். முள்ளுக்காரிகள் என்று பெயர் வைத்திருந்தாள். மூன்று வருடமாக அவர்களோடுதான் வாழ்கிறாள்.

இன்றைய மண் அதே குழாயில், நேற்றையதற்கு ஒரு விரற்கடை மேலே எடுத்தது; அதற்குச் சற்றுப் பின்னால் படிந்தது. ஒரே ஒரு ஸ்பூன். எங்கோ நடுக்கடலில் துளைபோட்டு எடுத்தது, யார் யாரையோ கெஞ்சி வாங்கியது. இன்னொன்று கிடைக்காது.

நிமிர்ந்தாள். கூரையைப் பார்த்தாள்.

மின்விசிறியின் இறக்கைகள் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"ஜெரோம்."

எதிர் மேசையில் அவனும் ஓடுதான் பொறுக்கிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. அது போதும்.

இந்த அறையில் ஓடுகள் பரப்பிய தட்டு திறந்திருந்தால் யாரும் விசிறி போடுவதில்லை; லேசான காற்றிலேயே பறந்துவிடும். சன்னல் திறப்பதில்லை. தும்மல் வந்தால் வெளியே ஓடவேண்டும். சென்னையின் மே மாதத்திலும் அப்படித்தான்.

"ஃபேன் போட்டியா?"

"ஒரு நிமிசந்தான் மங்கை. நீ மொகம் கழுவப் போயிருந்த. வெந்து செத்துருவேன் போல இருந்துச்சு. ஒன் தட்டு தெறந்து கெடக்குன்னு பாக்கல."

"தூத்துக்குடி உப்பளத்துல வளந்தவனுக்கு இங்க வேகுதாக்கும்! நாளைக்கு மேடையில நான் எதைக் காட்ட? உன் மூஞ்சியையா?"

"தரையைப் பெருக்கிப் பாக்கட்டா?"

"வெளக்கமாத்த எடுத்துட்டு வராத. அதுக்கு வேற வேல வந்துரும்."

நாளை அவள் பேசவேண்டும். மூன்று கோடியே நாற்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் கடல் குளிர்ந்ததைப் பற்றி. தென்துருவத்தில், காடு இருந்த நிலத்தின்மேல் பனி ஏறியதைப் பற்றி. மெல்ல நடந்தது என்பதுதான் அவள் சொல்லப்போவது. முள்ளுக்காரிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தார்கள். அவர்களுக்கு நேரம் இருந்தது.

இந்த ஸ்பூன் மண்ணில் அவர்கள் குறைவாக இருக்கவேண்டும்.

குறைவாக.

மிச்சத்தையாவது பார்ப்போம் என்று குனிந்தாள்.

தட்டு நிறைய மற்றவை இருந்தன. உருண்டையான, மாவு போன்ற, பொடிப்பொடி ஓடுகள். யாரும் தொடாதது போல அப்படியே கிடந்தன.

வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு வேறொரு தட்டை எடுத்தாள். தூரிகை நுனியை நனைத்து, நேற்றைய முள்ளுக்காரிகளில் இருவரை அதில் இறக்கினாள். பக்கத்தில் ஒரு சிட்டிகை உருண்டைகளைத் தூவிவிட்டு, முதல் தட்டை மூடிவைத்தாள். ஈரம் காயும்வரை காத்திருந்தாள்.

"ஃபேனைப் போடு."

"வெளையாடாத மங்கை."

"போடு."

விசிறி சுழன்றது. அவள் கண் நுண்ணோக்கியை விட்டு அகலவில்லை.

உருண்டைகள்தான் முதலில் போயின. நடுங்கி, உருண்டு, விளிம்பைத் தாண்டிக் குதித்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போயின. உருண்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

முள்ளுக்காரிகள் லேசாக அசைந்தார்கள். முட்களைத் தட்டின் சொரசொரப்பில் ஊன்றிக்கொண்டார்கள். நின்றார்கள்.

"தள்ளு, நானும் பாக்குறேன்." ஜெரோம் குனிந்தான். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "ஏ, அப்ப நான் இல்ல! காத்துன்னா அந்தப் பொடிசுல்லா மொதல்ல போயிருக்கணும். நான் இல்லப்பா! சும்மா கெடந்தவனப் போட்டு என்ன ஏச்சு ஏசுன!"

அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

மேசையில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள் அருகருகே இருந்தன. நேற்றையது. இன்றையது. நேற்றையதில் கூட்டம். இன்றையதில் ஒருத்திகூட இல்லை. நடுவே ஒரு விரற்கடை மண். ஒரு கடலுக்கு அது ஒரு மூச்சு நேரம்.

மெல்ல, என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

அந்தச் சொல் நிற்கவில்லை.

காலையிலிருந்து வியர்த்துக்கொண்டிருந்த கழுத்தில் முதல்முறையாகக் காற்று பட்டது. சுகமாக இருந்தது. அடுத்த நொடி கைகளில் மயிர் சிலிர்த்தது.

"நிறுத்து," என்றாள். "ஜெரோம், நிறுத்து அதை."

அவன் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தான். சுவரோரம், சுவிட்சின் மேல் கை வைத்தபடி நின்றான்.

இறக்கைகள்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.