மேலதிகாரி முனியாண்டி

மலேசியாவின் குளுவாங் ஊரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில், மாலை வெயில் பிரேமலாவின் எக்செல் கட்டங்களைப் பாதி அழிக்கிறது. யாருக்கு யார் மேலதிகாரி என்ற பட்டியல் ஐந்து மணிக்குள் தலைமையகம் போக வேண்டும். மேலதிகாரி இல்லாதவருக்கு வேலை நீட்டிப்பு இல்லை. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் பெயரை மேலதிகாரியாக எடுத்துக்கொள்ளும்படி அவளே சூத்திரம் எழுதியிருக்கிறாள். அடையாள அட்டையில் தமிழர் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவிலும் சாய்கோடு உண்டு. அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. திரையில் அவள் பெயருக்கு நேராக வந்திருக்கிறது: பிரேமலா, மேலதிகாரி முனியாண்டி. கட்டை விரலால் திரையைத் தேய்த்துப் பார்க்கிறாள், பெயர் போகவில்லை. மேலாளர் பிரையன் அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து திகைக்கிறார்.

“அலமாக், யாரு இந்த முனியாண்டி?”

“எங்கப்பா, சார். வீட்டுலதான் இருக்காரு.”

“அவருக்கு மேல யாரு?”

அவர் சிரிக்கவில்லை, பேனாவைத் திறந்து காத்திருக்கிறார். பிரேமலா திரையையும் பேனாவையும் மாறிமாறிப் பார்க்கிறாள்.

“எங்கம்மா, சார்.”