ஒரே ஒரு மாத்திரை

திரையில் பச்சைக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. ஏறினால் எங்களுக்குத் தோல்வி.

எச்.ஐ.வி வைரஸ் நம் செல்லுக்குள் நுழைந்ததும் தன்னைப் படியெடுத்துக்கொள்ள ஒரு நொதியை வைத்திருக்கிறது. அது வேலை செய்யச் செய்ய எங்கள் தட்டில் பச்சை ஒளி கூடும். மருந்து அதை மடக்கிவிட்டால் கோடு அப்படியே நின்றுவிடும்.

எங்களிடம் இருந்தது மருந்துக்கு மசியாத வகை. எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளாது என்பதால் லேபில் அதற்கு மாமியார் என்று பெயர்.

பணம் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து வந்தவர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் தலையாட்டினால் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் இன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எங்கள் புது மருந்தைத் தட்டின் குழியில் ஒரு சொட்டு விட்டேன்.

கோடு தயங்கியது. பிறகு மட்டமாகப் படுத்தேவிட்டது.

“மாமியார் கவுந்துட்டாங்கடி!” பக்கத்தில் இருந்தவள், என்னோடு ஆராய்ச்சி செய்பவள், என் முதுகில் ஒன்று வைத்தாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வந்தவர் சிரிக்கவில்லை.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாருக்கும்மா? மாத்திரையை ஒழுங்கா போடாதவங்களுக்குத்தானே இப்படி மருந்து கேட்காம போகும்?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பேராசிரியர் கண்ணாலேயே அடக்கப் பார்த்தார். அடங்கத் தெரிந்திருந்தால் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டத்தை நான் வாங்கியிருக்கவே மாட்டேன்.

“ஒழுங்காத்தான் சார் போட்டாங்க. அவங்களுக்குக் கொடுத்ததே ஒண்ணுதான்.”

சொன்னேன். ஒரு காலத்தில், நோயுள்ள பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்ததும் ஒரு மாத்திரை கொடுப்பார்கள். பிள்ளைக்குத் தொற்றக் கூடாது என்று. பிள்ளைகள் பலர் தப்பித்தார்கள். தாயின் உடம்பிலிருந்த வைரஸோ அந்த ஒன்றிலேயே எதிர்க்கப் பழகிக்கொண்டது. பின்னால் தாய்க்கே மருந்து வேண்டியிருந்தபோது அந்த வகை மருந்து எதுவும் கேட்கவில்லை. அடுத்து வந்தவையும் சிலருக்கு ஒவ்வொன்றாகக் கைவிட்டன.

அவர் முகம் மாறியது. குரலும் இறங்கியது.

“அதெல்லாம் பழைய கதை இல்லையா? அப்படி இன்னும் யாராவது இருக்காங்களா? நீங்க ஒருத்தரையாவது நேர்ல பார்த்திருக்கீங்களா?”

கிண்டலுக்குக் கேட்கவில்லை. பதில் வேண்டித்தான் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வாயைத் திறந்தேன்.

“இல்ல சார்.”

அவர் எழுந்துகொண்டார். கதவருகே பேராசிரியரிடம் கை கொடுத்து, வருத்தத்தோடுதான், தேவைப்படுபவர்களே இல்லாத மருந்துக்கு இனி பணம் வராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

“ஏன்டி, பார்த்திருக்கேன்னு ஒரு பொய்யை அடிச்சு விட்டா என்ன?” என்று சீறினாள் பக்கத்தில் இருந்தவள். “வாய்தான் கிழியும் உனக்கு, வேண்டிய நேரத்துல ஒண்ணும் வராது.”

நான் கையுறையைக் கழற்றினேன். கைபேசி அதிர்ந்தது. வெளியே வராந்தாவுக்குப் போய் எடுத்தேன்.

அம்மா.

முதலில் இருமல்தான் வந்தது. அது ஓயக் காத்திருந்தேன்.

“சாப்டியா?” என்றாள். பிறகு, தினமும் கேட்பதைக் கேட்டாள். “அங்க யார்கிட்டயும் என்னைப் பத்தி மூச்சு விடலையே?”

“விடலம்மா.”

அந்த மாத்திரையை அவள் விழுங்கியபோது, நான் பிறக்க இன்னும் சில மணி நேரம் இருந்தது.