வெள்ளையாகத்தான் இருந்தது

"தம்பி, அந்த ஜன்னலாண்ட சீட்டை எனக்குக் குடுப்பியாப்பா?"

ஜான்சனுக்குச் சுருக்கென்றது. விமானத்தில் ஜன்னல் சீட்டு என்றால் அவனுக்கு உயிர். இறக்கையோரம் சூரியன், மேகத்துக்கு மேல் நிலா என்று அவன் எடுத்துத் தள்ளும் படங்களுக்கு லைக் போடவே ஃபேஸ்புக்கில் ஒரு கூட்டம் இருக்கிறது. கம்பெனி வேலையாகக் கிளம்பிய இந்தப் பயணத்திலும் போனைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தான்.

கேட்டவள் நடு சீட்டில் இருந்த மலர்கொடி. ஐம்பதைத் தாண்டியிருப்பாள். வெயிலில் கறுத்த முகம், மடிப்புக் கலையாத புதுச்சேலை. அவளுக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி காசிலிங்கம், முகத்தின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தான். ஏறியதிலிருந்து அவன் வாயே திறக்கவில்லை.

"முதல் தடவையாம்மா பிளைட்டு?"

"ஆமாம்பா. எங்களுக்கு மரக்காணம். உப்பளத்துல வேலை. மேலேருந்து பாத்தா உப்பளம் தெரியுமாமே. எம் புள்ள பாலகுரு இப்ப நாம போற நாட்டுலதான் இருக்கான். 'வரும்போது ஜன்னலாண்ட உக்காந்து நல்லா பாத்துக்கம்மா, எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லு'ன்னு கேட்டிருக்கான்."

"அவர் போகும்போது பாக்கலையா?"

"அன்னிக்கு அவனுக்கு நடு சீட்டு. எட்டிப் பாக்குறதுக்குள்ள போயிடுச்சாம். சின்னதுலேருந்து எங்கூட உப்பு வாரினவன்பா. அதையே நெனைச்சுக்கினு இருக்கான்."

இதற்கு மேலும் மறுக்க ஜான்சன் என்ன கல்லா? எழுந்து இடம் மாறி உட்கார்ந்தான்.

"நான் வேணா போட்டோ எடுத்துத் தர்றேம்மா. அவர்கிட்ட காட்டுங்க."

"போனெல்லாம் உள்ள விடமாட்டாங்கப்பா. வாயாலதான் சொல்லணும்."

ஏதோ கெடுபிடியான பாக்டரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

விமானம் எழும்பி, கடலோரமாகவே தெற்கே திரும்பியது. எங்கே பார்த்தாலும் மேகம். மலர்கொடி நெற்றியைக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மழைக்காலம் பாரு, பாத்தியெல்லாம் தண்ணியாதான் கெடக்கும். வாரின உப்பை அம்பாரமாக் குவிச்சு, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கோம். இன்னிக்கு மட்டும் பிளைட்டு போற நேரத்துக்கு அதை எடுத்துடுங்கடின்னு கூட வேலை செய்றவளுங்ககிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். அதுவாச்சும் வெள்ளையாத் தெரியட்டும். முதலாளிக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவாரு."

ஜான்சனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல் பைத்தியத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தவன் அவன்.

"வெயில் காலத்துல வந்திருந்தா ஜோரா பாத்திருக்கலாமேம்மா?"

"தேதி அவங்க குடுக்குறதுப்பா. நாம கேட்டா மாத்துவாங்களா?"

விசா விவகாரம் யாருக்குத்தான் பிடிபடுகிறது!

சட்டென்று மேகம் விலகியது. கரை தெரிந்தது. கரையை ஒட்டி, கட்டம் போட்ட கைலியை விரித்தாற்போல் பாத்திகள்.

"அம்மா, அதோ! அதானே?"

"அதாம்பா! எங்க உப்பளந்தான்!" அவள் குரல் உயர்ந்தது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஆனா வெள்ளை எங்க? ஒரே சேறும் தண்ணியுமா இருக்குதே. தம்பி, உன் கண்ணுக்காச்சும் வெள்ளையா எதுனா தெரியுதா?"

ஜான்சன் எக்கிப் பார்த்தான். பழுப்பு நிறத் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. அதற்குள் மேகம் மறுபடி மூடிக்கொண்டது.

"தெரியலம்மா."

"மழை புடிச்சிருக்கும். மூடிட்டிருப்பாளுங்க. மூடலன்னா அத்தனை உப்பும் கரைஞ்சிடுமே, அவளுங்கதான் என்ன பண்ணுவாளுங்க."

சொல்லிக்கொண்டே அழத் தொடங்கினாள். விசும்பல் இல்லை, தோள் குலுங்கும் அழுகை. ஜான்சனுக்குச் சங்கடமாகிவிட்டது. உப்புக் குவியல் கண்ணில் படவில்லை என்பதற்கா இவ்வளவு அழுகை?

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி, வெள்ளை வெளேர்னு இருந்துச்சுன்னே சொல்லிடுறேன். சொல்லும்போது அழக்கூடாது. நான் சொல்லிக் காட்டுறேன், நிஜம் மாதிரி இருக்குதான்னு பாரு." தொண்டையைச் செருமினாள். "பாலா, நம்ம உப்பளத்தைப் பாத்தேன்டா. அம்மாம் மேலேருந்தும் அப்படித் தெரியுதுடா. பாத்திக்குப் பாத்தி வெள்ளை, அம்பாரம் அம்பாரமா வெள்ளை..."

அதற்கு மேல் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் உடைந்துபோனாள்.

ஜான்சனால் பொறுக்க முடியவில்லை.

"எதுக்கும்மா பொய்யெல்லாம்? நாளைக்கு அவரே வந்து பாத்துட்டா உங்களைக் கிண்டல் பண்ணமாட்டாரா? வர்ற சித்திரைக்கு லீவு போட்டுட்டு வரச் சொல்லுங்க. ஜன்னல் சீட்டு நானே புக் பண்ணித் தர்றேன்."

மலர்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூடிய மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காசிலிங்கம்தான் முகத்திலிருந்த துண்டை எடுத்தான். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன.

"அவனுக்குச் சித்திரை ஏது தம்பி? வெள்ளிக்கிழமை விடிகாலையில தூக்கு. கடைசியாப் பாத்துப் பேசிட்டுப் போங்கன்னு ஜெயில்லேருந்து எங்களைக் கூப்பிட்டிருக்காங்க."