பதினேழாவது அடி

“ஒரு சாண்தாம்மா. அஞ்சு வருஷமா அதே ஒரு சாண்.”

மாஸ்டர் குனிந்து, விரல்களை விரித்துத் தரையில் வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் அவர் ஒட்டிவைத்த வெள்ளை டேப். மறுபக்கம் அவளுடைய குதிகால்.

“ஊர்ல எல்லாரும் சாண் ஏறினா முழம் சறுக்குவாங்க. நீ முழம் முழமா ஏறிட்டு, கடைசி சாண்ல போய் நின்னுக்கிறே.”

அவள் சிரித்துவைத்தாள்.

கராத்தேயில் அதைக் கட்டா என்பார்கள். எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். இருப்பதாக நினைத்துக்கொண்டு இருபத்தோரு அடி. முன்னால் போய், திரும்பி, பக்கவாட்டில் போய், மறுபடி திரும்பி. எல்லா அடியும் சரியாக விழுந்தால், தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும்.

அவளுக்கு ஒருமுறைகூட அப்படி முடிந்ததில்லை.

பதினேழாவது அடியில் வலது கால் முழுதாக நீள வேண்டும். அவள் கால் முன்பாகவே இறங்கிவிடும். அந்த அடிக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தலும் உண்டு. அவளிடம் அது மூச்சாகத்தான் வெளிவரும்.

பச்சை பெல்ட்டிலிருந்து பழுப்புக்குப் போகும் தேர்வு வருடத்துக்கு ஒருமுறை. நான்கு வருடமும் தாளில் ஒரே எண்ணைத்தான் வட்டமிட்டுக் கொடுத்தார்கள். இன்று ஐந்தாவது முறை.

இத்தனைக்கும் அவள் வேலையே அளப்பதுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில், வருபவர்களின் ஒரு கண்மணிக்கும் மறு கண்மணிக்கும் நடுவே ஸ்கேலை வைப்பாள். அறுபத்திரண்டு மில்லிமீட்டர். அறுபத்து நான்கு. கொஞ்சம் பிசகினாலும் தலை வலிக்கிறது என்று வந்து நிற்பார்கள்.

அவள் அளந்து அனுப்பியவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

சுவரோரம் மருந்துக்கடைக்காரர் தன் பழுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். அவளுக்கு இரண்டு வருடம் கழித்துச் சேர்ந்தவர். முதல் மாதம் அந்த முடிச்சைப் போடக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

“என்ன பச்சை, இந்த வருஷமாவது பழுக்குமா?”

“வெயில் பத்தலைங்க.”

அவர் சத்தமாகச் சிரித்தார். நல்ல மனிதர்தான்.

விட்டுவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. வகுப்பு முடிந்து பெல்ட்டை மடிக்கும் ஒவ்வொரு முறையும் தோன்றும். மடித்துப் பைக்குள் வைத்துவிடுவாள். மறுநாள் எடுத்துக் கட்டிக்கொள்வாள். பச்சை இப்போது வெளுத்து, துவைத்த இலை மாதிரி இருந்தது.

போன மாதம் ஒரு மதியம், ஹாலில் யாரும் இல்லாத நேரம், பதினேழாவது அடியில் வலது காலை முழுதாக நீட்டிப் பார்த்தாள்.

மற்ற இடமெல்லாம் சில்லென்றிருந்த தரை, அங்கே மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

பேருந்தில் யாரையோ மிதித்துவிட்டவள் போல வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக வெயில் விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். வாசலில் குடையை விரித்தபோதுதான், காலையிலிருந்து மழை விடவே இல்லை என்பது உறைத்தது.

இதை மாஸ்டரிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். வெள்ளை டேப்பின் மேல் நின்று குனிந்து வணங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. உடம்புக்கு வழி தெரியும். பத்து. பதினொன்று. மாஸ்டர் கைகளைக் கட்டிக்கொண்டு அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து.

பதினாறில் திரும்பினாள்.

வீட்டில், பதினாறில் திரும்பினால் சுவர் வரும்.

பத்துக்கு எட்டு அறை. சுவரோரம் தரையில் ஒரு மெத்தை. மெத்தையில் அக்கா. விபத்துக்குப் பிறகு இரண்டு வருடம் அங்கேதான். தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்பதால், வகுப்புக்கு வாரம் ஒரு நாள்தான் வந்தாள். மீதி ஆறு நாளும் பயிற்சி அந்த அறையில்.

“நான் படுத்துட்டேன்னா நீயும் படுத்துக்கணுமா? எழுந்து ஆடுடி,” என்பாள் அக்கா. படுத்தபடியே எண்ணுவாள்.

பதினாறைத் தாண்டி எண்ணியதில்லை. மாத்திரை அப்படி. குரல் குழறி, கண் சொருகிவிடும். தூங்கியதும் அவள் இடது கை மெத்தையை விட்டு வெளியே சரியும். உள்ளங்கை மேலே பார்த்தபடி, விரல்கள் விரிந்து, தரையில் கிடக்கும்.

சரியாக ஒரு சாண்.

தங்கை காலை முன்பாகவே இறக்கிக்கொள்வாள். கத்தலை மூச்சாக்கிக்கொள்வாள்.

அக்கா போய், அந்த மெத்தையைத் தூக்கிப்போட்டு மூன்று வருடம் ஆகிறது.

ஹாலில் அவள் வலது கால் அந்தரத்தில் நின்றது. மேஜையில் ஒருவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். முழுதாக நீட்டினால் பழுப்பு. அவ்வளவுதான்.

அவள் தரையைப் பார்த்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

“அக்கா… கையைக் கொஞ்சம் மடக்கிக்கோயேன்.”