பல்லி வாங்க வந்த டிரைவரம்மா

"பல்லி வேணும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

வளர்ப்புப் பிராணிகள் விற்கும் அந்தக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பஸ் டிரைவர் சீருடை. நாற்பது வயதிருக்கும். எதிரே பஸ் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார்.

"உள்ள வாங்கம்மா."

"இல்ல, இங்கயே நிக்கறேன். பல்லி, ஓணான், ஆமை... அந்த மாதிரி ஏதாவது. கண்ணாடித் தொட்டியில வெச்சு வளர்க்கறது. வீட்டுல இதுவரைக்கும் எதையும் வளர்த்தது கிடையாது. இருக்கறதுலயே சுலபமா ஒண்ணு சொல்லுங்க."

"அங்கிருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாதே?"

"தெரியாட்டி பரவாயில்ல."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. போன மாதம்கூட ஒருத்தர் இப்படித்தான் பிடிவாதமாக ஒரு பச்சோந்தி வாங்கினார். தோளில் வைத்து வீடியோ எடுத்தார். பத்தே நாளில் அது செத்துப்போனதும், தொட்டியை மட்டும் திருப்பிக் கொடுக்க வந்தார்.

இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"பச்சோந்தி வேண்டாம். அழகுதான், ஆனா தொட்டதுக்கெல்லாம் கோவிச்சுக்கும். பெரிய ஓணான் ஜாதி, இன்னைக்கு சாண் நீளம் இருக்கும். மூணு வருஷத்துல அது சோபாவுல படுத்துக்கும், நீங்க தரையில படுக்கணும். ஆமைக்குத் தண்ணி மாத்தியே உங்க ஆயுசு போயிடும். பாம்பு..."

டிரைவரம்மா படியிலிருந்து தெருவுக்கே இறங்கிவிட்டார்.

"சரி, சரி, பாம்பு இல்ல! மேல வாங்க. புள்ளிப் பல்லின்னு ஒண்ணு இருக்கு. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி. புதுசா வளர்க்கறவங்களுக்கு அதுதான் லாயக்கு. தொட்டியில ஒரு பக்கம் கதகதப்பா இருக்கணும், மறுபக்கம் குளிர்ச்சியா. ஒளிஞ்சுக்க ஒரு பொந்து. சாப்பிடப் புழு, வெட்டுக்கிளி. அவ்வளவுதான்."

"கண்ணாடியில ஏறி வெளிய வந்துடாதா?"

"வீட்டுப் பல்லி மாதிரி இதுக்கு ஒட்டுற கால் கிடையாது. ஏறாது."

"அப்ப அதையே குடுங்க."

கடைக்காரர் பல்லியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். டிரைவரம்மா போட்ட அலறலில் கூண்டிலிருந்த கிளிகள் எல்லாம் சேர்ந்து கத்தின.

கடைக்காரர் பல்லியைத் திரும்பத் தொட்டியில் விட்டார்.

"மன்னிச்சுக்குங்கம்மா, உங்களுக்குத் தரமாட்டேன்."

"ஏன்?"

"ஒரே வாரத்துல தொட்டியோட குப்பைக்குப் போயிடும். இது உசுரு, பொம்மை இல்ல. மூணு நிமிஷம் கையில வெச்சுக் காட்டுங்க, அன்னைக்குத் தர்றேன்."

விட்டது சனியன், இனி இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார் என்று நினைத்தார்.

மறுநாள் மதியம், இரண்டு டிரிப்புக்கு நடுவில், டிரைவரம்மா வந்தார். வாசல்படி தாண்டி இரண்டடி வைத்தார். அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது.

அடுத்த நாள் தொட்டிக்கு முன்னாலேயே நின்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"பஸ்ஸும் இப்படித்தான் ஓட்டுவீங்களா?" என்றார் கடைக்காரர்.

டிரைவரம்மா கண்ணைத் திறந்தார்.

ஐந்தாம் நாள் இடுக்கியில் புழுவைப் பிடித்து நீட்டினார். பல்லி லபக்கென்று கவ்வியதும் இடுக்கியைப் போட்டுவிட்டு வாசல்வரை ஓடினார். ஓடியவர் அப்படியே போய்விடவில்லை. திரும்பி வந்து, இடுக்கியை எடுத்துக் கழுவி, இருந்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் போனார்.

எட்டாம் நாள் ஒரு விரலால் தொட்டார். தொட்ட வேகத்தில் கையை இழுத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய பஸ்ஸை நெரிசலில் வளைத்து ஓட்டுகிற கை.

"ஏம்மா உங்களுக்கு இந்த வேண்டாத வேலை? பேசாம நாலு மீன் வாங்கிட்டுப் போங்களேன்."

"பல்லிதான் வேணும்."

"யாருகிட்டயாவது பந்தயமா?"

"இல்ல."

"அப்ப வீடியோ போடவா?"

"வண்டி எடுக்க நேரமாச்சு, நாளைக்கு வர்றேன்."

பன்னிரண்டாம் நாள் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

"வைங்க."

கடைக்காரர் வைத்தார். பல்லி உள்ளங்கையை நக்கிப் பார்த்தது. மணிக்கட்டுக்கு ஏறியது. சட்டைக் கைக்குள் தலையை நுழைத்தது. டிரைவரம்மாவின் நெற்றியில் வியர்வை, கண்ணில் தண்ணீர். கை மட்டும் அசையவில்லை.

"மூணு நிமிஷம் ஆச்சும்மா. போதும்."

"இருக்கட்டும்."

ஐந்தாவது நிமிடத்தில் கடைக்காரரே பல்லியை எடுத்தார். தொட்டியைத் துடைத்தார். சுண்ணாம்புச் சத்துப் பொடியை எப்படித் தூவ வேண்டும், எவ்வளவு சூடு இருக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். மனசு கேட்கவில்லை.

"ஒரு உண்மையைச் சொல்றேம்மா. மூணு நிமிஷம்னு சொன்னதே உங்களை விரட்டத்தான். அடுத்த தெருக் கடையில ஒரு கேள்வி கேட்காம பொட்டியில போட்டுக் குடுத்திருப்பாங்க. அங்க போயிருக்கலாமே?"

டிரைவரம்மா தொட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"வீட்டுல ஒரு பொண்ணு இருக்கா. என் வீட்டுக்காரரோட மூத்த தாரத்துப் பொண்ணு. நான் வந்து ரெண்டு வருஷமாச்சு, எங்கிட்ட முகம் குடுத்துப் பேசினதில்ல. பத்தாவது பொறந்தநாளுக்குப் பல்லி வாங்கித் தர்றேன்னு அவங்கம்மா உசுரோட இருந்தப்ப சொல்லியிருந்தாங்களாம். அப்பாகிட்ட அவ சொல்லிட்டிருந்தது என் காதுல விழுந்துச்சு. நாளைக்குத்தான் பொறந்தநாள்."

"அதுக்கு வாங்கிட்டுப் போய்க் குடுத்தா போதாதா? நீங்க எதுக்குத் தொடணும்?"

"அவங்கம்மா இருந்திருந்தா, தொட்டியைத் தூர வெச்சுட்டு ஓடியா இருப்பாங்க? கையில எடுத்துல்ல குடுத்திருப்பாங்க!"