பத்துக்கு எத்தனை

“போனை மேடம்கிட்ட குடுங்க சார்” என்றார் மறுமுனையில் இருந்தவர்.

“நான்தாங்க பேசுறேன்” என்றாள் அவள்.

“பொண்ணு பேரைச் சொன்னீங்களே?”

“அது என் பேர்தாங்க.”

ஒரு சிரிப்பு. பிறகு டொக்கென்று வைத்துவிட்டார்.

வாஷிங் மெஷின் பழுதுபார்த்துக் கொடுக்கும் கம்பெனி. மெக்கானிக் வந்துபோன வீடுகளுக்கு மறுநாள் போன் செய்ய வேண்டும். மெஷின் ஓடுகிறதா, தண்ணீர் ஒழுகுகிறதா, பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் அவள் வேலை.

காலையில் குரல் சொன்னபடி கேட்கும்.

நெஞ்சிலிருந்து எடுக்காதே, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவிலிருந்து எடு என்று குரல் பயிற்சி டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தார். தினமும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் ‘ம்ம்ம்’ என்று இழுப்பாள். உள்ளே தேனீ வளர்க்கிறாளோ என்று பக்கத்து வீட்டுக்காரிக்குச் சந்தேகம்கூட வந்திருக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் குரல் ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பிக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் ‘மேடம்’ என்றால், பின்னால் ‘சார்’. நாலு மணி தாண்டினால் ‘சொல்லு தம்பி’.

இரண்டு வருடமாகச் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரைகள் தோலை மாற்றின. முகத்தை மாற்றின. குரலை மட்டும் தொடவேயில்லை.

அதனால் வெளியில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வேண்டிய பொருளை விரலால் காட்டியே வாங்குவாள். அவளுக்குப் பேச்சு வராது என்றே நினைத்துக்கொண்ட ஒரு கடைக்காரர், சௌக்கியமா என்று கைச்சாடையில் விசாரிப்பார். அவளும் கைச்சாடையிலேயே சௌக்கியம் என்பாள். பாவம், நல்ல மனிதர். அவரிடம் இனிமேல் வாயைத் திறக்கவே முடியாது.

போனில் கையும் இல்லை, முகமும் இல்லை. குரல்தான் ஆள்.

“நீ ஏன் உன் பேரைச் சொல்ற? கம்பெனி பேரை மட்டும் சொல்லேன்டி” என்று போன மாதம் சூப்பர்வைசர் அக்கா காதோடு சொன்னார். அவள்மேல் இருந்த பிரியத்தில்தான் சொன்னார்.

அவள் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேர் காதில் அந்தப் பேர் விழுகிறது. சிரித்தாலும் விழுகிறது.

ஐந்தரைக்கு ஆளாளுக்கு ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பையைத் தேட ஆரம்பித்தார்கள். அவள் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தாள். கண்ணை மூடி, உதடு அதிர ஒரே ஒரு தடவை ‘ம்ம்ம்’ என்றாள்.

பிறகு ஒரு எண்ணை அழுத்தினாள்.

ஆறு தடவை மணியடித்த பிறகு எடுத்தது வயதான ஓர் அம்மா.

கம்பெனி பேரைச் சொன்னாள். தன் பேரையும் சொன்னாள். “வாஷிங் மெஷின் சர்வீஸ் பத்தி ரெண்டு மூணு கேள்வி கேக்கணும். இப்பப் பேசலாமாங்க?”

‘பேசலாமா’வில் குரல் உடைந்து கீழே விழுந்தது. வழக்கமாக இந்த இடத்தில்தான் ‘சார்’ வரும். அவள் அதற்காகக் காத்திருந்தாள்.

மறுமுனையில் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“கேளும்மா” என்றார் அந்த அம்மா.

கேள்விகள் எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள்போல் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

மெஷின் நன்றாக ஓடுகிறதா? ஓடுது. தண்ணீர் ஒழுகுகிறதா? சொட்டுகூட இல்ல. வந்த மெக்கானிக் மரியாதையாகப் பேசினாரா? தங்கமான பிள்ளை.

ஒவ்வொரு பதிலுக்கும் அந்த அம்மா நேரம் எடுத்துக்கொண்டார். அவசரமே இல்லாதவர்போல.

“பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?”

“பத்தும் போட்டுக்கோ.” கொஞ்சம் நிறுத்தி, “உன் பேர் என்னன்னு சொன்ன?”

மறுபடி சொன்னாள்.

“நல்ல பேரு. யாரு வச்சா?”

“நானேதான் வச்சுக்கிட்டேன்.”

அந்த அம்மாவின் மூச்சு மட்டும் ஹெட்போனில் ஏறி இறங்கியது. இவளுக்கும் வைக்க மனமில்லை. கேட்பதற்குத் தாளில் வேறு கேள்வி இல்லை.

அங்கே ஒரு கதவு திறந்தது. “யாரு போன்ல?” என்று ஓர் ஆண்குரல் அதட்டியது.

“யாரோ ஒரு பொண்ணு. கம்பெனியில இருந்து.”

போன் வைக்கப்பட்டது.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். காது இரண்டும் சுட்டன.

சூப்பர்வைசர் அக்கா அன்றைய கணக்கை முடிக்க, அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்தக் கடைசி நம்பர் நம்ம லிஸ்ட்லயே இல்லையேடி?”

“கை தவறி அழுத்திட்டேன்க்கா.”

அக்கா அந்த வரியை அழித்துவிட்டுப் போனார்.

கை தவறவில்லை. மூன்று வருடமாக அழுத்தாத எண்தான், ஆனால் விரல் தடுமாறவே இல்லை.

அந்த வீட்டில் வாஷிங் மெஷின் கிடையாது. அப்பா வாங்க விட்டதில்லை. அம்மாவுக்குத் தோள்பட்டை வலி, அப்படியும் கையால்தான் துவைக்கிறாள் என்று போன வாரம்கூடத் தங்கை செய்தி அனுப்பியிருந்தாள்.

‘எங்க வீட்ல மெஷினே இல்லையே’ என்று அம்மா ஒரு வரி சொல்லிவிட்டு வைத்துவிடுவாள், அந்த ஒரு வரி காதில் விழுந்தால் போதும் என்றுதான் அவள் கூப்பிட்டிருந்தாள்.