எடுத்த கர்ப்பப்பை

“கர்ப்பப்பையை எடுத்தாச்சுன்னு யாரும்மா சொன்னது?” என்று கேட்டார் கால்நடை மருத்துவர்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மேசையில் அவளுடைய பத்து வயதுப் பெண் நாய் வயிறு உப்பி, மூச்சு வாங்கப் படுத்திருந்தது.

“இவர்தான் சொன்னார், டாக்டர். மூணு வருஷம் முன்னாடி இதை வெளியூருக்குக் கூட்டிட்டுப் போய், நாலு நாள் கூடவே தங்கி ஆபரேஷன் பண்ணிட்டு வந்தார்” என்று பக்கத்தில் நின்ற கணவனைக் காட்டினாள்.

“ஸ்கேன்ல கர்ப்பப்பை முழுக்கச் சீழ் தெரியுது. வயசான பெண் நாய்க்கு வர்றதுதான். இன்னைக்கே எடுக்கலைன்னா உயிருக்கு ஆபத்து.”

“எடுத்தது திரும்ப வளருமா டாக்டர்?”

“அது என்ன தலைமுடியா? வயித்துல தழும்பே இல்லையேம்மா!”

“நடுவுல தீட்டு ரத்தம் பட்டப்பகூட, ஆபரேஷன் பண்ணாலும் சிலதுக்கு அப்படித்தான்னு சொன்னாரே...”

ஆபரேஷனுக்கான சம்மதப் படிவத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். நாயை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் கணவன் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

“அன்னைக்குத் திரும்பி வர்றப்ப அது குளிச்சு, கழுத்துல புதுப் பட்டை போட்டுக்கிட்டு வந்துச்சே. அந்த நாலு நாளும் நீங்களும் அதுவும் யார் வீட்டுலங்க இருந்தீங்க?”

அவன் கதவைத் திறந்து வெளியே போனான்.